ஊரைவிட்டுப் போகாத பெண்

நகராட்சிக்கு இளவயதில் ஒரு ஆள் தேவைப்பட்டது. ஆணோ பெண்ணோ, யாராக இருந்தாலும் சரி. இருபத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும், ஒரு வேலையில் இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஊரில் இருக்க வேண்டும். பத்து வருடங்களாகப் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வசதியாகப் போகட்டும் என்று பஸ் நிலையத்தை இடித்துப் பெரிதாகக் கட்டிக்கொடுத்த நகராட்சிக்கே கடைசியில் அது உறுத்திவிட்டது. 'நம் ஊர், நம் இளமை' என்று ஒரு குறும்படம் எடுத்து, பஸ் நிலையத்துப் பெரிய திரையிலேயே ஓட்டுவதாகத் தீர்மானம் போட்டார்கள். அதைப் பார்த்தால் பஸ் ஏற வந்தவர்கள் மனம் மாறி வீடு திரும்பிவிடுவார்கள் என்பது கணக்கு.

தேடியதில் மூன்று பேர் அகப்பட்டார்கள். ஒருவன் ஜாமீனில் இருந்தான். அவன் ஊரைவிட்டுப் போகாதது நீதிமன்றத்தின் நிபந்தனை. இன்னொருவன் கேமராவைக் கண்டால் சிரிக்க ஆரம்பிப்பான், நிறுத்த மாட்டான். மூன்றாவது ஆள் பாப்பா.

பாப்பாவுக்கு இருபத்திரண்டு வயது. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. காலை ஒன்பதரைக்கு ஷட்டரைத் தூக்குவாள். வருகிறவர்களின் இரண்டு கருமணிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து, லென்ஸில் பேனாவால் புள்ளி வைத்து, ஃபிரேமின் வடிவத்துக்கு அதை மெஷினில் தேய்த்துப் பொருத்துவாள். மூக்கில் சறுக்குகிறது, காதை அறுக்கிறது என்று வருகிறவர்களுக்கு ஃபிரேமைச் சூடு காட்டி வளைத்துக் கொடுப்பாள். நாலு வருடத்தில் அவள் உலகத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். கடைக்கு வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் கண்ணாடி போட்டால் எப்படி இருப்போம் என்றுதான் கேட்கிறார்கள். கண் எப்படித் தெரியும் என்று கேட்கிறவர் ஒருவர்தான், அவரும் பெரும்பாலும் வழி கேட்க வந்தவராக இருப்பார்.

நகராட்சிக் கடிதம் வந்த அன்று வீட்டில் அதை முதலில் படித்தது மாமா. அம்மாவின் தம்பி. இரண்டே வாரம் என்று சொல்லி முன்னறையில் கட்டில் போட்டு மூன்று வருடம் ஆகிறது. வீட்டுக்கு வரும் எல்லாக் கடிதத்தையும் அவர்தான் பிரிப்பார். வேறு வேலை இல்லாதவர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா.

"பாப்பாவைப் படம் எடுக்க வராங்க," என்றார் அவர். "அவளோட ஒரு நாள், அவ குடும்பம், உலகத்தைப் பத்தி அவ என்ன நினைக்கிறா, எல்லாம் வேணுமாம்."

"என்ன நினைக்கிறா?" என்று அம்மா கேட்டாள். கேள்வி மாமாவுக்கு; பாப்பா பக்கத்தில்தான் நின்றாள்.

"அதை நான் எழுதிக் கொடுத்துடறேன்," என்றார் மாமா.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள பதினேழு லிஃப்டுகளும் அவர் பொறுப்பு. நாள் முழுக்க லிஃப்ட் ஓடும் குழிக்குள் தனியாக நின்று பழகிய மனிதர், வீட்டிலும் அப்படியேதான் இருப்பார். அவர் நேராகப் போய் வாசல் கேட்டுக்குப் பெயிண்ட் வாங்கி வந்தார். அம்மா ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். வீட்டிலுள்ள திரைச்சீலை, தலையணை உறை என்று துணியாக இருந்த அத்தனையையும் துவைத்துத் தீர்த்தாள். ஒரே ஒரு தகராறுதான். முன்னறைக் கட்டிலை என்ன செய்வது? கட்டிலை எடுத்துவிட வேண்டும் என்பது அம்மா கட்சி. கட்டில் போனால் தன்னையும் போகச் சொல்வார்கள் என்று பயந்த மாமா, "கட்டில் இருந்தாதான் வீடு இயற்கையா இருக்கும்," என்றார். கடைசியில் கட்டில் மேல் ஒரு விரிப்பைப் போட்டு, புத்தகங்களை அடுக்கி, அதைச் சோபா என்று சொல்வதாக முடிவாயிற்று.

படம் எடுக்க இரண்டு பேர் வந்தார்கள். இயக்குநர் தாடி வைத்த இளைஞர், வெளியூர். கேமராப் பெண் அதிகம் பேசாதவள். முதலில் கடைக்குப் போனார்கள். அங்கே முதலாளி புதுச் சட்டை போட்டு, கடையிலேயே விலை உயர்ந்த ஃபிரேமை மாட்டிக்கொண்டு காத்திருந்தார். "இவ எனக்கு மகள் மாதிரி," என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார். நாலு வருடத்தில் அவர் பாப்பாவிடம் அதிகம் பேசிய வாக்கியம் "ஷட்டரைப் பூட்டினியா" என்பதுதான்.

பாப்பா மெஷினில் லென்ஸைத் தேய்த்துக் காட்டினாள். அது பல்லைக் குடைகிற சத்தம் போட்டது.

"இது வேண்டாங்க," என்றார் இயக்குநர். "நீங்க கண்ணாடி போடறதில்லையா?"

"எனக்குக் கண் நல்லாத் தெரியும் சார்."

"கண்ணாடிக் கடைப் பொண்ணு கண்ணாடி போடலைன்னா எடுபடாதே." பவர் இல்லாத ஒன்றை எடுத்து மாட்டிவிட்டார். "ஓட்டப் பயிற்சி ஏதாவது செய்வீங்களா? ஆத்தங்கரையில?"

"பஸ்ஸுக்கு ஓடுவேன்."

ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய் ஓட வைத்தார். ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த விளக்குக் கம்பம் வரை, பதினோரு தடவை. கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கி விழுந்துகொண்டே இருந்தது. மற்றவர்களுக்கு அதைச் சரிசெய்து கொடுக்கிற அவளால் ஓடுகிற ஓட்டத்தில் ஒன்றும் செய்ய முடியவில்லை. பிறகு ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்துப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அது கேமராவை எப்படித் துடைக்க வேண்டும் என்று சொல்கிற கையேடு. நாலு பக்கம் படித்ததில் அவளுக்கு நிஜமாகவே கொஞ்சம் பிடித்துப்போயிற்று.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. குடும்பத்தோடு இரவுச் சாப்பாடு சாப்பிடுகிற காட்சியை எடுக்க வேண்டும், வெளிச்சம் போய்விடும், அதனால் இப்போதே சாப்பிட்டுவிடுங்கள் என்றார் இயக்குநர். மதியச் சாப்பாடே இன்னும் செரிக்காத நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மாமா கேமராவுக்கு எதிர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அம்மா எல்லோர் கிண்ணத்திலும் சூப்பை ஊற்றினாள். அந்த வீட்டில் சாப்பிடும்போது டி.வி.தான் பேசும், அதை அன்று அணைத்துவிட்டிருந்தார்கள்.

"எப்பவும் போலப் பேசுங்க," என்றார் இயக்குநர்.

எப்பவும் போல எல்லோரும் சும்மா இருந்தார்கள்.

"சார், நீங்க பொண்ணுகிட்ட, இன்னைக்கு நாள் எப்படிப் போச்சும்மான்னு கேளுங்க."

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். தொண்டையைக் கனைத்தார். பழுதான லிஃப்ட் கதவைத் திறக்கப் போகிறவர் மாதிரி இரண்டு கையையும் மேஜை மேல் ஊன்றிக்கொண்டு, "இன்னைக்கு நாள் எப்படிம்மா போச்சு?" என்றார்.

பாப்பா பிறந்ததிலிருந்து யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. கேட்கச் சொன்னவர் வெளியூர் ஆள், கேட்ட அப்பாவுக்கு அது வசனம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனாலும் கேள்வி கேள்விதானே. பதில் உள்ளே தயாராக இருந்தது, அதனால் வந்துவிட்டது.

"இன்னைக்கு ஓட வெச்சாங்கப்பா. நேத்துதான் ஒரு விஷயம் நடந்தது. லாரி ஓட்டற ஒருத்தர் கடைக்கு வந்தார். லைசென்ஸ் புதுப்பிக்கணும், கண்ணு சரியா இருக்குன்னு சீட்டு வேணும்னு. எழுத்துப் பலகைக்கு லைட்டே போடலை, அவர் கடைசி வரியைக் கடகடன்னு சொல்லிட்டார்."

"லைட் போடாமலா?" என்றார் அப்பா.

"மனப்பாடம். எல்லாக் கடையிலும் அதே பலகைதானே. முதலாளி சீட்டு எழுதப் போயிட்டார். நான் மெதுவா வேற பலகையை மாத்தி வெச்சுப் படிக்கச் சொன்னேன். மேல இருக்கற ஒரே ஒரு பெரிய எழுத்து, அதுவே அவருக்குத் தெரியலை. சுவரையே பார்த்துட்டு இருந்தார்."

அப்பா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கேமரா இருப்பது அவருக்கு மறந்துவிட்டது. தேய்ந்த லிஃப்ட் கம்பியைச் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி அவரிடம் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்.

"அப்புறம்?"

"முதலாளி சீட்டுக் கொடுத்துட்டார். அவருக்குக் கண் தெரியலைன்னு நான் சொன்னா, நீ என்ன படிச்சிருக்கேன்னு கேட்டார். கேட்டதுல தப்பில்ல. நான் படிக்கலையே. வெளியில போய் அந்த ஆள்கிட்ட, ஆஸ்பத்திரியில காட்டுங்கன்னு சொன்னேன். நாளைக்குப் போறேன்னு லாரி ஏறிட்டார்." பாப்பா சூப்பைக் கலக்கினாள். "நாலு வருஷமா இந்த மாதிரி ஆளுங்க வந்துட்டேதான் இருக்காங்க. அதான்ப்பா, நான் படிக்கப் போறேன். கண் பரிசோதனைப் படிப்பு. மூணு வருஷம். இடம் கிடைச்சிடுச்சு. அடுத்த மாசம் கிளம்பணும்."

கேமராப் பெண் கேமராவை அம்மா பக்கம் திருப்பினாள்.

"கட்," என்றார் இயக்குநர். "ரொம்ப நல்லா வந்தது. இன்னொரு தடவை எடுத்துடலாம். அந்தக் கிளம்பறது மட்டும் இல்லாம."

"கொஞ்சம் இருங்க தம்பி," என்று அம்மா அவரைக் கையமர்த்தினாள். "எந்த ஊரு? எப்ப எழுதிப் போட்டே?"

"ஆறு மாசம் ஆச்சும்மா."

"ஆறு மாசமா சொல்லாம இருந்தியா?"

"சொன்னா மாமா முடிவு பண்ணுவார்னு..."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் என்ன சொல்லியிருப்பேன்? நல்லா யோசிச்சு, ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்க்கலாம்னு சொல்லியிருப்பேன்." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர் போல, "அப்போ உன் ரூம் காலியா இருக்குமா?" என்றார்.

இயக்குநர் பாப்பாவிடம் ஒரு தாளை நீட்டினார். "மேடம், இதை மட்டும் படிச்சுடுங்க. இந்த ஊரைவிட்டுப் போகணும்னு எனக்குத் தோணினதே இல்லை. ஒரே ஒரு வரிதான்."

"அது பொய் சார்."

"கண்ணாடி போட்டது, ஓடினது எல்லாம் என்ன?"

நியாயமான கேள்விதான். ஆனால் தாளை வாங்க மட்டும் கை நீளவில்லை. அப்பா எழுந்து தாளை வாங்கினார், நாலாக மடித்தார், இயக்குநரின் சட்டைப் பையிலேயே வைத்தார்.

"வெளிச்சம் போயிடுச்சு தம்பி," என்றார்.

ஜன்னல் வழியே வெயில் பளிச்சென்று மேஜைமேல் விழுந்துகொண்டிருந்தது. கேமராப் பெண் முதல் தடவையாகச் சிரித்தாள், வயரைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

அவர்கள் போன பிறகு நடந்ததை நல்ல சண்டை என்றும் சொல்லலாம். அம்மா அழுதாள், துவைத்த திரைச்சீலையையெல்லாம் மறுபடி துவைத்தாள். இரண்டு நாள் பாப்பாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் விடுதிக்கு எடுத்துப்போக எத்தனை படுக்கை விரிப்பு வேண்டும் என்று கேட்டாள். அவள் கோபம் தீர்ந்தது என்பதற்கு அதுதான் அறிவிப்பு. அப்பா தினமும் சாப்பிடும்போது, "இன்னைக்கு எப்படிம்மா?" என்று கேட்க ஆரம்பித்தார். ஒரு வாரத்தில் அவருக்கே அது கை வந்துவிட்டது. லாரிக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனாரா என்று யாருக்கும் தெரியாது. அப்பா மட்டும் சாலையைக் கடக்கும்போது லாரி வந்தால், அது கடந்து போகும் வரை ஓரத்தில் நின்றுவிடுவார்.

நகராட்சி எடுத்த காரியத்தை விடவில்லை. பாப்பா கிளம்பிய அன்று பஸ் நிலையத்தில் படம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் வழியனுப்ப வந்திருந்தார்கள். மாமா அவள் அறையை அளப்பதற்காக வீட்டிலேயே தங்கிவிட்டார்.

திரையில் பாப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு ஆற்றங்கரையில் ஓடினாள். குரல் மட்டும் யாரோ வயதில் மூத்த ஒரு பெண்ணுடையது. "இந்த ஊரைவிட்டுப் போகணும்னு எனக்குத் தோணினதே இல்லை," என்று அந்தக் குரல் தேனாகச் சொன்னது.

"அன்னைக்கு உனக்குத் தொண்டை கட்டியிருந்ததா?" என்றாள் அம்மா.

அடுத்து சாப்பாட்டு மேஜை வந்தது. பேச்சு இல்லை, பின்னால் வயலின். அப்பாவின் முகம் திரை முழுக்க நிறைந்திருந்தது. கீழே 'மகளின் முடிவில் ஒரு தந்தையின் பெருமை' என்று எழுத்து ஓடியது.

அப்பா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். "கேட்கும்போது நான் வாயைத் திறந்துட்டா இருக்கேன்?" என்றார்.

"ஆமாப்பா."

"சொல்லக் கூடாதா?"

"நல்லாத்தான் இருந்தது."

பஸ் வந்தது. அப்பா பெட்டியை மேலே ஏற்றினார், கதவு மூடுகிற விதம் சரியில்லை என்று டிரைவரிடம் இரண்டு நிமிடம் விளக்கினார், இறங்கினார். அம்மா ஜன்னலுக்கு வெளியே நின்று விரிப்பில் எது மேலே, எது கீழே என்று கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். பஸ் திரைக்கு முன்னால் திரும்பியபோது அதிலிருந்த பாப்பா மறுபடியும் முதலிலிருந்து ஓட ஆரம்பித்திருந்தாள்.

பக்கத்து இருக்கையில் இருந்த நடுத்தர வயதுப் பெண் திரையைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"அது நீதானே?"

"எங்க அக்கா," என்றாள் பாப்பா. "அவ ஊர்லயேதான் இருக்கா."

"நல்ல பொண்ணு," என்றாள் அந்தப் பெண். "நீயும் அவளை மாதிரி இருந்திருக்கலாம் இல்ல?"

"இருந்திருக்கலாங்க," என்று பாப்பா ஒத்துக்கொண்டாள். "ஆனா அவளுக்கு ஆத்தங்கரையில ஓடத் தெரியும். எனக்குப் பஸ்ஸுக்குத்தான் ஓடத் தெரியும்."