தயிர் வைத்த பெட்டி

இன்குபேட்டரைத் திறந்ததும் புளித்த வாடை. ஸ்லாவ்காவின் பனிக்குட நீரிலிருந்து எடுத்து வளர்க்கும் செல் குடுவைகளுக்குப் பக்கத்தில் பேராசிரியர் மாந்தொவின் தயிர் ஜாடி. ப்ளோவ்டிவ் ஊரிலேயே முப்பத்தேழு டிகிரி மாறாத சூடு இந்தப் பெட்டியில்தானாம். இங்கே வைக்காதீர்கள் என்று எட்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். இரண்டு குடுவைகளில் ஒன்று கலங்கிப்போயிருந்தது.

"இன்னொண்ணு இருக்கில்ல, ராய்னா?" என்றார்.

"அந்த ஒண்ணை நம்பித்தான் ஒரு புள்ள வயித்துல இருக்கு சார்."

ஸ்லாவ்காவுக்கு எட்டாம் மாதம். சிறுநீரில் வர வேண்டிய ஹார்மோன் வரவில்லை. குழந்தை உள்ளே வாடுகிறது, திங்கட்கிழமை அறுத்து எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். ஆனால் வேறொரு மூல ஹார்மோனை உடைத்தால்தான் இது உருவாகும்; அதை உடைக்கும் என்சைம் மட்டும் குழந்தைக்கு இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் பிறந்தபின் தோல் செதில் செதிலாக உதிரும், அவ்வளவுதான். பிரசவ நாள் வரை காத்திருக்கலாம்.

மிஞ்சிய குடுவையில் அந்த மூல ஹார்மோனை ஊற்றி மறுநாள் அளந்தேன். துளிகூட உடையவில்லை. பூஜ்யம். அதே பெட்டியில் இருந்த வேறொருத்தியின் செல்கள் நன்றாகவே உடைத்திருந்தன.

"செல் செத்திருக்கும். சோதனை கெட்டுப்போச்சுன்னு எழுதிடு," என்றார் மாந்தொவ்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "செத்துச்சா இல்லையான்னு எட்டிக்கூடப் பாக்காம எழுதச் சொல்றீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?"

மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் குடுவையின் அடியில் கால் நீட்டி ஒட்டிக்கொண்டிருந்தன. நடைவழியில் காத்திருந்த ஸ்லாவ்காவை உள்ளே கூப்பிட்டேன்.

"வேலை செய்யலையாக்கா?"

"செய்யல. உயிரோட இருந்தும் செய்யல. அதுதான்டி நல்ல சேதி. நீயே பாரு."

வயிறு மேசையில் இடிக்க, அவள் குனிந்தாள். அப்போது போன் அடித்தது. பிரசவ டாக்டர். என் பேச்சை அவர் கேட்கமாட்டார். ரிசீவரை மாந்தொவிடம் நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், ஜாடியைப் பார்த்தார், பிறகு வாங்கிக்கொண்டார்.

"திங்கட்கிழமை வேண்டாம், டாக்டர். என்சைம்தான் இல்ல... ஆமா, ஒரு குடுவைதான். இன்னொண்ணு..." தொண்டையைச் செருமினார். "இன்னொண்ணு என் தயிரால போச்சு."

ஸ்லாவ்கா காதிலேயே வாங்கவில்லை.

"அக்கா, இங்க ஒண்ணு உருண்டையா இருக்கு," என்றாள், கண்ணை எடுக்காமல். "நடுவுல ஒடுங்குது. இரு, இரு, ரெண்டாப் பிரியுது."