மங்களத்துக்குக் கொடுத்த அட்டை

நிர்மலாதேவி மாத்திரை அட்டைகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மிளகாய்த் தூள் டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தாள். வீட்டில் எதைத் திறந்தாலும் அவள் புருஷன் புவனேந்திரன் அந்த டின்னை மட்டும் திறக்க மாட்டான். நெடி ஏறினால் அவனுக்குத் தும்மல் அடங்காது.

மூன்றாவது பெண் பிறந்தபோது அவள் பட்ட பாடு அப்படி. ரத்தம் நிற்காமல் போய், மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். இன்னொரு பிரசவத்தை இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் புவனேந்திரனை உட்கார வைத்தே சொன்னார். கருக்குழாயைக் கட்டிவிடலாம், ஒரு கையெழுத்துப் போடு என்றார்கள். அவன் செம்பனை எண்ணெய் லோரி ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பான்.

"கட்டிப்புட்டா அப்புறம் அவளுக்கு என்னா பயம்?" என்று சொல்லிப் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

கிளினிக்கில் எல்லாரும் மிஸ்ஸி என்று கூப்பிடும் நர்ஸ்தான் மலாயும் சைகையுமாக விளக்கி, அவள் கையில் கருத்தடை மாத்திரை அட்டைகளைக் கொடுத்து அனுப்பினாள். அன்று முதல் ஒவ்வொரு நாளும் பிள்ளைகள் தூங்கியதும் அம்மனை நினைத்துக்கொண்டு ஒரு மாத்திரையை விழுங்கினாள். உயிரோடு இருக்க வேண்டும், பிள்ளைகள் தாயில்லாமல் வளரக்கூடாது. அவள் வேண்டிக்கொண்டது அவ்வளவுதான்.

செலண்டார் பக்கத்தில் அவர்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தில் சித்திரைத் திருவிழா நெருங்கியபோது, அடுத்த வீட்டு மங்களம் பால்மரக் காட்டில் வாளியை வைத்துவிட்டு அழுதாள். டெங்கியில் கிடந்து பிழைத்த மகனுக்காகப் பால்குடம் நேர்ந்திருந்தாள். கணக்குப் பார்த்தால் திருவிழா அன்றுதான் அவளுக்குத் தூரம் வரும். குடம் எடுக்காவிட்டால் மகனுக்கு மறுபடி ஏதாவது ஆகுமோ என்று நடுங்கினாள்.

நிர்மலாவுக்கு மனம் கேட்கவில்லை. மிஸ்ஸி ஒரேயடியாகக் கொடுத்திருந்ததில் மிச்சமிருந்த ஒரு முழு அட்டையை எடுத்துக் கொடுத்தாள். இதைச் சாப்பிட்டால் தள்ளிப் போகும் என்றாள். வெள்ளையை மட்டும் தினமும் விடாமல் சாப்பிட வேண்டும், கடைசி வரிசையில் இருக்கிற சிவப்பு வெறும் இரும்புச் சத்துதான், அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று விரல் வைத்துக் காட்டினாள்.

"யாருகிட்டயும் வாயத் தொறக்காதீங்கக்கா."

"என் பிள்ள மேல சத்தியமா சொல்ல மாட்டேன்டி. நீ நல்லா இருப்ப" என்றாள் மங்களம்.

வீட்டுக்குப் போனதும் மங்களத்துக்கு வேறு யோசனை வந்தது. வெள்ளை மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி இருந்தது. சிவப்புதான் ரத்தத்தை அடக்குகிற மாத்திரை போலத் தெரிந்தது. நல்லதைத் தூக்கிப் போடச் சொல்கிறாளே, நாம் குடம் எடுப்பது இவளுக்குப் பொறுக்கவில்லையோ என்று நினைத்தாள். சிவப்பைச் சாப்பிட்டாள். வெள்ளையைக் கால்வாயில் போட்டாள்.

நல்லது செய்கிறவளைச் சந்தேகிப்பது நம்மில் பலருக்கு உள்ள வியாதிதான். மங்களத்தை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது.

திருவிழா அன்று ஆற்றங்கரையிலிருந்து பால்குடங்கள் வரிசையாக வந்தன. கோயில் வாசலுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது, பின்னால் வந்த பெண்கள் மங்களத்தின் மஞ்சள் சேலையில் கறையைப் பார்த்துவிட்டார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி கூப்பாடு போட்டாள். மேளம் நின்றது. குடத்தை இறக்கிப் பாலைக் கால்வாயில் ஊற்றச் சொன்னார் கோயில் தலைவர் வீராசாமி. மங்களம் தரையில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் பண்ணலண்ணே. நிர்மலாதான் ஒரு மாத்திர குடுத்தா. தள்ளிப் போவும்னா. அதத் தின்னுதான் இப்படி ஆயிருச்சி."

எல்லாத் தலையும் நிர்மலா பக்கம் திரும்பியது. வீராசாமி அவளைக் கேட்கவில்லை, கூட்டத்தைக் கேட்டார்: "அந்த மாத்திர இவ கைக்கு எப்பிடி வந்திச்சி?"

"அது தள்ளிப் போறதுக்கு மட்டுமா? பிள்ள தங்காம இருக்கவும் அதுதானே" என்று ஒரு குரல் வந்தது.

"புருஷன் லோரியில இல்ல இருக்காரு" என்றது இன்னொன்று. சிலர் சிரித்தார்கள். சாமி கும்பிட வந்த இடத்தில்தான் சிரித்தார்கள்.

புவனேந்திரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேளக்காரர்கள் பக்கத்திலிருந்து வந்தான். அவன் சத்தம் போடவில்லை, கையும் ஓங்கவில்லை. "சூடம் கொண்டாங்க. அடிச்சி அணைக்கட்டும்" என்றான்.

பூசாரி தங்கையாவுக்கு இதில் இஷ்டமில்லை. நல்ல நாளில் எதற்கு என்று முணுமுணுத்துப் பார்த்தார். வீராசாமி முறைத்ததும் தட்டில் சூடத்தைக் கொளுத்தினார். சத்தியம் இரண்டு. வேறு ஆண் வாடை அறியேன் என்று ஒன்று. இனி அந்த மாத்திரையைத் தொட மாட்டேன் என்று இன்னொன்று.

முதலாவதை நிர்மலா தயங்காமல் சொன்னாள். உள்ளங்கையால் ஓங்கி அடித்துச் சூடத்தை அணைத்தாள். தங்கையா இரண்டாவதைக் கொளுத்தினார். அவள் கை எழவில்லை. அம்மன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தாயே, இதுக்கு மட்டும் என்னால சத்தியம் பண்ண முடியாது. பண்ணிட்டு மீறுனா நீ கேப்ப. மீறாம இருந்தா எம் பிள்ளைங்க கேக்கும், எங்கம்மா எங்கன்னு."

புவனேந்திரன் அவள் மணிக்கட்டைப் பிடித்து, விரல்களை விரித்து, எரிகிற சூடத்தின் மேல் வைத்து அழுத்தினான். அது அணையும் வரை எடுக்கவில்லை.

"பண்ணியாச்சி" என்றான்.

வீராசாமி தலையை ஆட்டினார். மேளம் மறுபடி ஆரம்பித்தது.

வீட்டில் அவன் அலமாரியிலிருந்து அடுப்படி வரை கொட்டிக் கவிழ்த்தான். கடைசியில் தும்மிக்கொண்டே டின்னையும் கவிழ்த்தான். அட்டைகளை மூத்த பெண் பவானேஸ்வரியைக் கொண்டே அடுப்பில் போடவைத்தான். அந்த மாதம் வெளியூர் ஓட்டத்தை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டு வீட்டிலேயே தங்கினான். புண்பட்ட கையோடு அவள் வேண்டாம் என்று கெஞ்சியதை அவன் காதில் வாங்கவே இல்லை.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அவள் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. மங்களம் வாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு தள்ளிப் போனாள். ஆயாக் கொட்டகையில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கருப்பாயி மட்டும், சின்னவளை வாங்கித் தொட்டிலில் போட்டுவிட்டு நிர்மலாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். துவைத்த துணியைக் கிழித்து, மரம் சீவும் உளி பிடிக்கத் தோதாக விரல்களை விட்டு, உள்ளங்கையை மட்டும் சுற்றிக் கட்டினாள்.

பிள்ளைகளுக்கு ஊசி போட கிளினிக்குக்குப் போன அன்று, கருப்பாயி மிஸ்ஸியிடம் எல்லாவற்றையும் சொல்லி ஒரு புது அட்டை வாங்கி வந்து பால் மாவு டின்களுக்குப் பின்னால் வைத்தாள்.

"காலையில பிள்ளைய விட வர்றப்ப இங்கயே முழுங்கிட்டுப் போ. ஆனா அடுத்த தூரம் வந்தப்புறந்தான் ஆரம்பிக்கணுமாம்."

நிர்மலா அடுத்த தூரத்துக்காகக் காத்திருந்தாள். கோயிலுக்குள் போக அவளுக்குத் தைரியமில்லை. வேலைக்குப் போகும் வழியில் வேலிக்கு வெளியே நின்று, எந்தத் தீட்டைப் பார்த்து ஊரே பதறியதோ அந்தத் தீட்டைக் கொடு தாயே என்று கேட்டாள். அப்படி ஒரு வரத்தை யாரும் அம்மனிடம் கேட்டிருக்க மாட்டார்கள். வர வேண்டிய நாள் போயிற்று. அடுத்த வாரமும் போயிற்று. ஒரு நாள் காலையில் பால்மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

அன்று சாயங்காலம் சேதி தெரிந்து புவனேந்திரன் செலண்டார் கடையிலிருந்து ஒரு பை ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தான். திருவிழாவுக்குப் பிறகு முதன்முறையாக அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

"அம்மன் குடுத்தது நிர்மலா. இனி எல்லாம் சரியாப் போயிரும்லா" என்று சொல்லி, ஒரு பழத்தை உரித்துச் சுளையை அவள் வாயருகே நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொள்ளாவிட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் கருப்பாயி நல்ல சேலை கட்டிக்கொண்டு அந்த வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் அப்படி யார் வீட்டு வாசலுக்கும் போகிறவள் இல்லை.

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"அத நான் பாத்துக்குவேன் ஆயாம்மா. நீங்க எதுக்கு?" என்றான் புவனேந்திரன்.

"அன்னிக்கிக் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்ட. இவளுக்குக் கொள்ளி போடவாச்சும் வருவியா தம்பி, இல்ல அப்பவும் லோரியில இருப்பியா?"

கருப்பாயி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சின்னவளை பவானேஸ்வரியின் இடுப்பில் ஏற்றிவிட்டு, நிர்மலாவின் கையைப் பிடித்து வாசலுக்கு இறக்கினாள். லயத்து வரிசை வீடுகளின் வாசல்களில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மங்களம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டாக்டர் என்ன சொல்வார், கலைப்பதற்கும் அவனுடைய கையெழுத்தைக் கேட்பாரா, காலம் கடந்துவிட்டது என்பாரா, இரண்டு பேருக்கும் தெரியாது. பஸ் வந்தது. கருப்பாயி அவளைச் சன்னல் ஓரம் உட்கார வைத்தாள். வழியில் குமட்டினால் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.