ஓசி வோட்கா

அன்று மத்தியானம் வரை நெட்டையன் யாரையும் கை நீட்டி அடித்தவன் இல்லை. குடித்தால் மாணவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று உளவியல் துறையில் ஆராய்ச்சி நடக்கிறது, ஓசியில் வோட்கா கிடைக்கும் என்று கேள்விப்பட்டுப் பெயர் கொடுத்தான். இரண்டு கிளாஸ் உள்ளே போனதும் காது சூடேறியது, தலை கிறுகிறுத்தது. கடைசிவரை இருக்கச் சொன்னதைக் காதில் வாங்காமல் விடுதிக்கு நடந்தான்.

அறைத்தோழன் சோடாபுட்டி, "ரெண்டு கிளாஸுக்கே இந்தத் தள்ளாட்டமாடா?" என்று சிரித்தான். ஓங்கி ஒரே குத்து. மூக்குக்கண்ணாடி நொறுங்கி, சில்லு இடது கண்ணில் ஏறிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாய் ஆய்வு அறைக்கு ஓடினான். ஆராய்ச்சி மாணவி கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நேத்து நான் போதையில இருந்தேன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. இல்லேன்னா காலேஜை விட்டே தூக்கிடுவாங்க."

அவள் குழாயை மூடினாள். "உனக்கு வோட்காவே ஊத்தலப்பா. வெறும் டானிக் வாட்டர், கசப்பு சோடா. வாசனைக்கு கிளாஸ் விளிம்புல மட்டும் வோட்கா தடவினோம். அதைச் சொல்றதுக்குள்ள நீ கிளம்பிட்ட."

"பொய் சொல்லாதீங்கக்கா! எனக்குத் தலை சுத்துச்சு!"

"ஏறும்னு நம்பினாலே பாதிப் பேருக்கு ஏறிடுது."

"அப்போ வோட்கா இருந்துச்சுன்னே எழுதுங்க. உங்க கால்ல விழறேன்." விழுந்தேவிட்டான். அவள் பதறிப்போய்ப் பின்வாங்கினாளே தவிர, எழுதித் தரவில்லை.

ஆஸ்பத்திரியில் சோடாபுட்டியின் பாதி முகத்தைக் கட்டு மறைத்திருந்தது. பக்கத்தில் அவன் அம்மா, சுவரைப் பார்த்தபடி.

"காலேஜ் கமிட்டிக்காரங்க விசாரிக்க வந்தாங்கடா," என்றான் சோடாபுட்டி. "அடிச்சது அவன் இல்ல, சரக்குன்னு சொல்லிட்டேன். மூணு வருஷமா உன்னைப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். நெட்டையன் கதவு வரை போனான். திரும்பி வந்தான்.

"அதுல சரக்கே இல்லடா."

"என்னது?"

"வெறும் தண்ணி. நான்தான் அடிச்சேன்."

சோடாபுட்டி ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்த்தான். "இதை ஏண்டா சொன்ன? சரக்குன்னு நினைச்சப்போ வலி தாங்க முடிஞ்சுது."

அம்மா எழுந்து கதவைக் காட்டினாள்.

அன்று சாயங்காலம் கமிட்டியிலும் நெட்டையன் அதையே சொன்னான். கல்லூரியை விட்டு நீக்கினார்கள். சோடாபுட்டிக்கு அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறதாம். அதுவும் யாரோ சொல்லித்தான் இவனுக்குத் தெரியும்.