வீரசிங்கம் வாங்கிய முப்பது கிலோ

என் கணவர் ஸைனுலாப்தீன் வாயைத் திறந்தால் கிண்ணியாக் கரையில் காகம்கூட வாயை மூடிக்கொள்ளும். படகுகள் கொண்டுவரும் மீனை ஏலம் கூறுவது அவர் தொழில். குரலும் பெரிது, வயிறும் பெரிது. வயிறு சிறுத்தால் குரலும் சிறுத்துவிடும் என்று சொல்லிச் சொல்லியே முப்பது வருடமாக என்னை ஏய்த்தவர். நித்திரையிலும் ஏலம்தான். என் தலையணையை எத்தனையோ தடவை யாருக்கோ கூறி விற்றிருக்கிறார்.

தொழிலில் அவருக்கு இரண்டு கொள்கைகள். கூறி முடித்ததை மாற்றக் கூடாது. கூறுகிறவன் தன் சொந்தப் பொருளைக் கூறக் கூடாது. இந்த இரண்டுக்கும் கொடுத்த மரியாதையில் பாதியை நான் சொன்ன சொல்லுக்குக் கொடுத்திருந்தால் நான் இதையெல்லாம் சொல்லவே தேவை வந்திருக்காது.

போன வருடம் அவருடைய முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. பள்ளிவாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து தொழ வேண்டியதாயிற்று. மற்றவர்கள் ஸுஜூதுக்குப் போய் நெற்றியைத் தரையில் வைக்கும்போது, இவர் மட்டும் கதிரையில் இருந்தபடி காற்றுக்குத் தலையைக் குனிந்துவிட்டு வருவார்.

"எல்லாரும் கீழ போறாங்க பரீதா. நான் மட்டும் பஸ்ஸில சீட் கிடைச்சவன் மாதிரி குந்திக்கிட்டு இருக்கிறன்" என்றார் ஒரு நாள். சொன்னவருடைய கண் கலங்கிவிட்டது. சொந்த வாப்பாவின் ஜனாஸா அடக்கத்திலேயே கல்லாக நின்ற மனிதர். எனக்குத் தாங்கவில்லை. மறுநாளே கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டொக்டர் ஷிஃபானா சின்னப் பிள்ளை, ஆனால் பேச்சில் அளவு தெரிந்தவள். "நானா, மூணு மாசத்தில அஞ்சு கிலோ. அவ்வளவுதான். சோத்தைப் பாதியாக்குங்க, காலையில நடங்க. அஞ்சு இறங்கினா முழங்கால் மடங்கப் பாக்கும். அதுக்கு மேல இப்ப ஆசைப்படாதீங்க" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. நடக்கக்கூடிய காரியத்தைச் சொல்கிறவர்கள் எங்கள் ஊரில் குறைவு.

அன்று பின்னேரமே சுகம் விசாரிக்கக் கரைக்கூட்டம் வந்துவிட்டது. மீன் லொறி வைத்திருக்கும் றுவைஸ், சல்லி ஊரிலிருந்து வந்து மீன் வாங்கும் வீரசிங்கம், இன்னும் நாலைந்து பேர். அவர்கள் விறாந்தையில், நான் திரைக்குப் பின்னால் குசினியில்.

"அஞ்சு கிலோவா?" றுவைஸின் சிரிப்பு கேட்டது. "அது ஒரு நடுத்தர அறக்குளா மீன். எங்கட நானாட உடம்புக்கு அது மரியாதையா? பத்து!"

அந்தப் 'பத்து' காதில் விழுந்ததுதான் தாமதம், இவருடைய குரல் கரைக்குரலாக மாறிவிட்டது. "பத்து! பத்து கிலோ! பத்துக்கு மேல ஆரும் இருக்கா?"

"பன்னிரண்டு!"

"பதினெட்டு!"

நான் தேத்தண்ணித் தட்டைப் போட்டுவிட்டு ஓடி வருவதற்குள் இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. திரையை விலக்கிப் பார்த்தபோது வீரசிங்கம் கையை உயர்த்தி "முப்பது!" என்கிறார். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! முப்பது கிலோ சல்லி வீரசிங்கத்துக்கு!" என்று முழங்கி, தன் வயிற்றில் தானே ஓங்கி அறைந்து ஏலத்தை முடித்தார் என் கணவர். கைதட்டல் அடங்கிய பிறகுதான் எதை விற்றோம் என்பது அவருக்கு உறைத்தது. ஆனால் கூறினது கூறினதுதான்.

நான் அதை விளையாட்டு என்று நினைத்தேன். மறுநாள் விடியவே வாசலில் ஓட்டோ வந்து நின்றது. வீரசிங்கம் ஒரு மீன் தராசை இறக்கினார். பிறகு ஐஸ் பெட்டியையும் இறக்கினார்.

"அக்கா, என்ர சரக்கு எப்படி இருக்கு?"

"ஐஸ் பெட்டி என்னத்துக்குத் தம்பி?"

"பழக்கத்தில ஏத்திப்போட்டன்" என்றார். திருப்பிக் கொண்டுபோகவில்லை.

கணவர் சோற்றை அடியோடு நிறுத்தினார். கொத்தமல்லித் தண்ணீரும் வைராக்கியமும்தான் ஆகாரம். ஒரு வாரம் போவதற்குள் கரையில் சூடை மீன் குவியலைப் பார்த்து "பால்சோறு! சூடான பால்சோறு!" என்று கூறியிருக்கிறார். அதற்கும் விலை கேட்டிருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எங்கள் ஊர். மூன்றாம் தரம் சொல்வதற்குள் மயங்கி அந்தக் குவியலுக்குள்ளேயே விழுந்துவிட்டார். உடம்பெல்லாம் செதிலோடு கொண்டுவந்து இறக்கினார்கள். கண் விழித்தவர் நேரே குசினிக்குப் போய், ஒரு பானைச் சோற்றை அடிப்பற்றோடு சுரண்டிச் சாப்பிட்டார்.

மறுநாள் தராசைப் பார்த்த வீரசிங்கத்தின் முகம் வாடிப்போயிற்று. "நானா, என்ர முப்பதும் அப்பிடியே கிடக்கு. மேல ரெண்டும் ஏறியிருக்கு."

"எனக்கு ஏலாது" என்று விறாந்தையில் சரிந்துவிட்டார் இவர். "நான் மௌத்தாகி மண்ணுக்குப் போகுமட்டும் கதிரையிலதான்."

"அப்ப டொக்டர் சொன்ன அஞ்சைப் பாருங்களன்" என்றேன் திரைக்குப் பின்னாலிருந்து.

"முப்பது எண்டு கூறியாச்சு. கூறினதை மாத்தப்படாது."

வந்ததே எனக்கு ஆத்திரம்! நெற்றி தரையில் படவில்லையே என்று அழுதது இந்த மனிதர்தான். இப்போது ஒரு வெட்டி ஏலத்துக்காக அதையும் விட்டுவிடப் பார்க்கிறார். இத்தனை காலமும் திரைக்குப் பின்னால் நின்றே தேத்தண்ணி நீட்டியவள், அன்று கையில் இருந்த தட்டோடு திரையைத் தள்ளிவிட்டு விறாந்தைக்கு வந்தேன்.

"கூறுறவன் தன்ட பொருளைக் கூறலாமா?" என்று கேட்டேன்.

"கூடாது" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"அப்ப இந்த வயிறு ஆர்ட?"

இருவரும் வயிற்றைப் பார்த்தார்கள். "நானாட தானே அக்கா" என்றார் வீரசிங்கம் மெதுவாக.

"அவர்ட எண்டா அவர் கூறினது செல்லாது. ஆனா அது அவர்ட இல்ல. கலியாணத்தண்டு இவர் ஈர்க்குக் குச்சி. வருசத்துக்கு ஒரு கிலோவா முப்பது வருசம் ஆக்கிப் போட்டு ஏத்தினது நான். முதலாளி நான். என்னட்டக் கேக்காம எங்கட கலியாணத்தை முழுசா வித்திருக்கிறாரு. எந்தப் பக்கத்தால பாத்தாலும் செல்லாது!"

என் கணவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இருபது நிமிடம் யோசித்திருந்தாலும் இந்த ஓட்டையை அவர் கண்டுபிடித்திருக்க மாட்டார். வீரசிங்கத்துக்குத்தான் மனம் விட்டுப்போயிற்று. "அப்ப எனக்கு ஒண்டும் இல்லையோ அக்கா? ஆசையா எடுத்தனான்."

பாவமாக இருந்தது. "திரும்பக் கூறுவம்" என்றேன். "இந்த முறை நான் கூறுறன். முப்பது! முப்பதுக்குக் கீழ ஆரும் இருக்கா?"

"கீழ போற ஏலம் எங்கயும் இல்ல பரீதா" என்றார் கணவர்.

"வயித்தை ஏத்திக் கூறினதில கண்டது போதாதா? பொத்திக்கிட்டு இருங்க. முப்பதுக்குக் கீழ!"

ஏலச் சத்தம் கேட்டால் வீரசிங்கத்துக்குக் கை நிற்காது. எதிராளி யாரும் இல்லை. அவரே இருபது என்றார், அவரே அவசரமாகப் பதினைந்து என்றார், போட்டிக்கு ஆள் நிற்கிற மாதிரி வியர்த்துக்கொண்டு பத்து என்றார், எட்டு என்றார். ஐந்து என்று அவர் வாய் சொன்னதும் நான் மூன்று தரமும் ஒரே மூச்சில் சொல்லித் தட்டால் மேசையில் ஓங்கி அடித்தேன். "அஞ்சு கிலோ, மூணு மாசம். சரக்கைப் பாத்து எடுக்கிறது உங்கட பொறுப்பு."

பொறுப்பு என்றால் பொறுப்புத்தான். கரைக்கு வருமுன் தினமும் எங்கள் வாசலுக்கு வந்தார் மனிதர். இவரைக் கூட்டிக்கொண்டு கிண்ணியாப் பாலத்தில் அந்த முனை வரைக்கும் நடந்து திரும்புவார். நடுவில் இவர் நின்று மூச்சு வாங்கினால் "நிண்டால் சரக்குப் பழுதாப் போகும் நானா, நடவுங்கோ" என்பாராம். பாலத்தடி வடைக்கடைக்கும் இவருக்கும் நடுவில் வேலி மாதிரி நின்றுகொள்வாராம். நான் சோற்றைப் பாதியாக்கினேன். முதல் மாதம் ஒரு கிலோகூட முழுதாக இறங்கவில்லை. இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் கண்டுகொள்ளவில்லை. மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியது. குரல் இம்மியும் சிறுக்கவில்லை.

மூன்றாம் மாத முடிவில் கிளினிக் தராசில் ஏறினார். டொக்டர் ஷிஃபானா இரண்டு தரம் பார்த்துவிட்டு "அஞ்சு!" என்று கையைத் தட்டினாள்.

கூடவே வந்திருந்த வீரசிங்கம் முன்னுக்கு வந்தார். "எனக்கு எப்ப கையில கிடைக்கும் டொக்டர்?"

"அது போயிட்டுதே" என்றாள் அவள் ஒன்றும் விளங்காமல். "கொழுப்பு கரைஞ்சா கூடுதலா மூச்சுக் காத்தோடதான் வெளியே போகும்."

"ஐயோ, தினமும் பக்கத்தில நடந்தனான், ஒண்டையும் காணேல்லையே!" என்று வாயில் கைவைத்துவிட்டார் வீரசிங்கம்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்கு இவர் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. தவறினால் எனக்கு முன்னால் மட்டும் தவறட்டும் என்று நினைத்திருக்க வேண்டும். விறாந்தையில் தொழுகை விரிப்பை விரித்தார். நான் குசினி வாசலில் நின்றேன். வீரசிங்கம் கேற்றடியில் நின்றார். போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நின்றார், குனிந்தார், நிமிர்ந்தார். பிறகு ஒரு கையைத் தரையில் ஊன்றி முழங்காலை மடக்கினார். அது நெட்டி முறிகிற சத்தம் குசினிக்குக் கேட்டது. மற்ற முழங்காலும் இறங்கியது. நெற்றி தரையில் பட்டது. தடுமாறித் தடுமாறி எழும்பினார், திரும்பவும் போனார். அப்படியே தொழுகையின் நாலு ரக்அத்தும், நாலு சுற்றும் வந்துவிட்டது.

கடைசி ஸுஜூதில் போனவர் எழும்பவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பெரிய முதுகு அப்படியே கவிழ்ந்து கிடந்தது. வீரசிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை நடையில் படியடிக்கு வந்தார். "அக்கா, சிக்கிப்போனாரோ? தூக்கவோ?" என்றார் காதோடு. நான் கையால் தடுத்தேன். எனக்கும் அதே பயம்தான். ஆனால் இப்போது தூக்கி எடுத்தால் பிறகு வாழ்நாளில் இந்த மனிதர் தரைப்பக்கம் போக மாட்டார். யா அல்லாஹ், இவரை நீயே எழுப்பிவிடு என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

அந்த முதுகு மெல்லக் குலுங்கியது. பிறகு கையை ஊன்றித் தானாகவே எழும்பி இருந்து, ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தார். நெற்றியில் விரிப்பின் பூ அச்சு விழுந்திருந்தது. தாடி நனைந்திருந்தது.

"எழும்ப ஏலாமப் போச்சா?" என்று கேட்டேன்.

"ஏலும்" என்றார். "சொல்லுறதுக்கு ஒரு வருசத்துக் கதை கிடந்துது பரீதா."