ஆயிரம் ரூபாய்ச் சீட்டு

புத்தூரில் சின்னாச்சி பிடித்த சீட்டில் இருபது பேர். மாதம் ஆளுக்கு ஐம்பது ரூபாய், சேர்ந்தால் ஆயிரம். காசு அவசரமானவர்கள் கழிவு கூறுவார்கள். ஆகக் கூடிய கழிவு கூறியவர் அதை விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துப் போவார். விட்ட கழிவு இருபது பங்காகும்; எடுத்தவரின் பங்கு சின்னாச்சிக்கு, மிச்சம் மற்றவர்களுக்கு. பொறுத்திருப்பவனுக்கு அவசரக்காரன் கட்டும் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் கனகாம்பிகைக்கும் ஒரு பங்கு. முட்டை விற்று, ஆட்டுப்பால் விற்று, தென்னோலையில் கிடுகு பின்னி விற்றுக் கட்டி வந்தாள். புருசன் ஏரம்புவுக்கு மூச்சுவிடவில்லை. சீட்டென்றால் ஊரை ஏய்க்கிற வேலை என்று சந்தியில் நின்று பிரசங்கம் செய்கிற மனுசன் அவன்.

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கத் துலா மிதித்து மிதித்து அவனுடைய முழங்கால் வீங்கிக் கிடந்தது. கோப்பாயில் ஒருவர் தண்ணீர் இறைக்கும் பழைய மிசின் ஒன்றை எண்ணூறுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை வரைதான் தவணை. கனகாம்பிகைக்குக் கணக்குத் தெளிவு: கழிவு இருநூறைத் தாண்டினால் மிசின் இல்லை. போன மாதம் சீட்டு இருபத்தைந்தோடு போனதால் தைரியமாகத்தான் போனாள்.

பெண்கள் உள் அறையில், ஆண்கள் முற்றத்தில். சின்னாச்சி வாசற்படியில் நின்று இரண்டு பக்கமும் குரல் கொடுத்தாள்.

"உள்ளுக்கை முப்பது!"

"வெளியிலை அம்பது!"

கனகாம்பிகை எண்பது என்றாள். வெளியில் நூறு ஆனது. நூற்றைம்பது என்றாள். நூற்றெண்பது வந்தது. கடைசியாக இருநூறு என்றாள்.

"வெளியிலை இருநூத்தஞ்சு!"

யாரோ கட்டையில் போவான் என்று மனதார ஏசினாள். பங்காகக் கிடைத்த பத்தேகால் ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு பின்வாசலால் வெளியேறியபோது கண்ணீர் முட்டிவிட்டது.

வீட்டில் ஏரம்பு காசு எண்ணிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் சால்வைக்குள் தள்ளினான். அரைவாசி வெளியே விழுந்தது.

"இஞ்சாருங்கோ, உதென்ன காசு?"

அவன் அசடு வழிந்தான். "சீட்டுக் காசு. என்ரை சிநேகிதன் தியாகராசாவின்ரை பேரிலை நான்தான் கட்டினனான்; போய்க் கூறினது அவன், இப்பதான் காசைத் தந்திட்டுப் போறான். போன வருசம் கோயிலிலை தன்ரை முறைத் திருவிழாவுக்கு உவன் தம்பிராசா மூண்டு கூட்டம் மேளம் பிடிச்சவனெல்லோ? எங்கடை முறைக்கு அளவெட்டியிலையிருந்து நாலு! ஆனா உள்ளுக்கை ஒரு பிசாசு இருந்து ஏத்திக்கொண்டே போனவளாம். இருநூத்தஞ்சு விடவேண்டி வந்திட்டுது."

"அந்தப் பிசாசு நான்தான்."

அவள் மிசினைச் சொன்னாள், வெள்ளிக்கிழமையைச் சொன்னாள். கடைசியாக அவனுடைய முழங்காலைச் சொன்னாள்.

அவன் தன் முழங்காலைப் பார்த்தான், காசைப் பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினான். "முப்பதோடை முடிய வேண்டியதை நாங்களே ஒருத்தரோடை ஒருத்தர் மோதி ஏத்தி, ஊருக்கெல்லாம் பத்தேகால் பத்தேகாலாய்ப் பங்கு குடுத்திருக்கிறமடியப்பா!"

கையில் எழுநூற்றுத் தொண்ணூற்றைந்து. "ஐஞ்சு குறையுது" என்றான் சிரிப்பு அடங்கி. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

வெள்ளிக்கிழமை மிசின் வந்தது. அந்த வருடத் திருவிழாவுக்கு ஒரு கூட்டம் மேளந்தான். சாமி கோபிக்கவில்லை. கனகாம்பிகை தன் பங்கை அவசரப்படாமல் கடைசிவரை விட்டுவைத்து, யார் யாரோ விட்ட கழிவுகளில் பங்கு வாங்கி, முடிவில் முழு ஆயிரத்தையும் எடுத்தாள்.

அடுத்த சீட்டுக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். சின்னாச்சி கணக்குக் கொப்பியை விரித்தாள். "ஆரின்ரை பேரிலை எழுத?"

ஏரம்பு தொண்டையைச் செருமினான். கல்யாணம் கட்டிப் பதினெட்டு வருடம், புருசன் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. கூப்பன் அரிசி வாங்கும் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வாள்.

"ஏரம்பு" என்றாள் கனகாம்பிகை, முற்றத்துக்கே கேட்க. "ஏரம்புவும் பெண்சாதியும். ரண்டு பேருக்கும் ஒரே பங்கு!"