பிளாப்பிக்கு வைத்த சந்தனம்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்த அன்று, கம்ப்யூட்டரால் பள்ளி வேலை எப்படி மாறியிருக்கிறது என்று ஆராய, மதுரைப் பேராசிரியர் ஒருவர் ராஜபாளையத்துப் பள்ளிக்கு வந்திருந்தார். நூர்பானு டீச்சர் பெருமையோடு மார்க் பதிந்த பிளாப்பியைக் கம்ப்யூட்டருக்குள் போட்டாள். கரகரவென்று சத்தம் வந்ததே தவிர, திரையில் ஒரு பெயரும் வரவில்லை.

வெளியே எடுத்துப் பார்த்தாள். பிளாப்பியின் நீளத் துளைக்குள் சந்தனம் காய்ந்திருந்தது. நடுவில் குங்குமம்.

எழுநூறு பிள்ளைகளின் மார்க். இனிமேல் எதற்கென்று பழைய ரிஜிஸ்டர்களை எடைக்குப் போடச் சொன்னதும் அவள்தான். நல்லவேளை, பீரோவில் இன்னொரு காப்பி இருந்தது. பீரோ சாவியைத் தேடி எடுத்தாள்.

பூஜை போட்ட ஆயா சண்முகத்தாய் ஓடிவந்தாள்.

“பதறாதீய டீச்சர். பீரோவுல உள்ளத மட்டும் விட்டுருவேனா? அம்புட்டுக்கும் சந்தனத்த நல்லா அழுத்தித்தான் வச்சிருக்கேன்.”