பகலில் மட்டும் பதில் சொல்லாத ரவுட்டர்

கல்வராயன் மலையில் இருக்கும் இன்டர்நெட் ரவுட்டர் பகலில் மட்டும் சரியாகப் பதில் சொல்லவில்லை. கள்ளக்குறிச்சி ஆபீசில் உட்கார்ந்து அதன் நலம் விசாரிப்பது சிவரஞ்சனியின் வேலை. அவள் எழுதிய புரோகிராம் நிமிடத்துக்கு ஒருமுறை கேள்வி கேட்கும், பத்து நொடி காத்திருக்கும், பதில் வராவிட்டால் ‘டைம் அவுட்’ என்று சிவப்பில் காட்டிவிட்டு நகர்ந்துவிடும். காலையில் தொடங்கும் சிவப்பு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு நின்றுவிடும்.

அவளுக்குச் சந்தேகம் சின்னதுரை மேல். மலையில் ரவுட்டர் ரூமைப் பார்த்துக்கொள்கிறவர். பகலில் சாமைக்காட்டு வேலைக்குப் போகிற மனுஷர், போகும்போது கரண்டு வயரைப் பிடுங்கிவிட்டுப் போகிறார் என்று முடிவுகட்டிவிட்டாள். எதற்குப் பிடுங்க வேண்டும்? சந்தேகம் வந்த பிறகு காரணத்தை யார் தேடுகிறார்கள். முதலாளி ராஜதுரையிடம் சொன்னாள். நேரில் போய்ப் பார், உண்மையென்றால் அங்கேயே ஆளை வேலையை விட்டு நிறுத்திவிட்டு வா என்றார் அவர்.

சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறினாள். ரூம் பூட்டியிருந்தது. சின்னதுரை காட்டிலிருந்து கையில் அரிவாளோடு ஓடிவந்து திறந்துவிட்டார். உள்ளே விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. ரவுட்டர் மாதக்கணக்கில் ஒருமுறைகூட அணையவில்லை என்று அதன் பதிவே காட்டியது. பக்கத்து ரேஷன் கடையில் அதே ரவுட்டரை நம்பி ஓடும் கைரேகை மெஷின் தடங்கலில்லாமல் வேலை செய்தது. சிவரஞ்சனிக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏமாற்றமாக இருப்பதை நினைத்துக் கூச்சமாகவும் இருந்தது.

லேப்டாப்பை நேராக மாட்டி, ரவுட்டரிடம் யார் யார் கேள்வி கேட்கிறார்கள் என்று பார்த்தாள். ஒன்று அவளுடைய புரோகிராம். கூடவே இன்னொன்று, அதே நிமிடத்தில், அதே கேள்விகளோடு. சின்ன ரவுட்டர், இரண்டு பேருக்கும் பதில் தேடி எடுப்பதற்குள் பத்து நொடி தாண்டிவிடுகிறது. வெளியாள் எவனாவது புகுந்துவிட்டானோ என்று பயந்தாள். அந்தக் கேள்வி வரும் முகவரியைத் தேடினால், அது முதலாளியின் மேசைக் கம்ப்யூட்டர். காலையில் வந்ததும் போட்டு, சாயங்காலம் அணைத்துவிட்டுப் போவார்.

போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாள். ராஜதுரை மழுப்பவில்லை.

“நீ குடுக்கிற ரிப்போர்ட்டு நெசந்தானான்னு பாக்க நானும் ஒண்ணு போட்டு வச்சிக்கினு இருக்கேன். இதுல இன்னாம்மா தப்பு?”

அதை நிறுத்தச் சொன்னாள். அடுத்த நிமிடமே பச்சை வந்தது. எதற்கும் அந்தச் சின்னதுரை மேலேயும் ஒரு கண் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

சின்னதுரை அத்தனையும் கேட்டபடி வாசலிலேயே நின்றிருந்தார்.

“என்னை நிறுத்தத்தான் வந்தீங்களா மேடம்?”

தப்பு எங்கள் மேல்தான், வேலை உங்களுக்குத்தான் என்று ஏதேதோ சொன்னாள். அவர் சாவியை எடுத்து லேப்டாப் பக்கத்தில் வைத்தார்.

“வேற ஆளப் பாத்துக்கோங்க. கரண்டு போறப்பல்லாம், மழையோ பனியோ, ஓடியாந்து பேட்டரிய மாத்திக்கினு இருந்தேன். அது உங்க கம்ப்யூட்டர்ல தெரியல போலருக்கு.”

அரிவாளை எடுத்துக்கொண்டு காட்டுப்பக்கம் நடந்தார். திரை முழுக்கப் பச்சையாக இருந்தது. இனி மலையில் கரண்டு போனால் யாரைக் கூப்பிடுவது என்று சிவரஞ்சனிக்குத் தெரியவில்லை.